பிராங்க்ளினின் காலைக் கேள்வி

காலையில் பல் துலக்கிக்கொண்டே, "இன்று எப்படியும் அந்த விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட வேண்டும்" என்று முடிவு செய்கிறீர்கள். இரவு படுக்கப் போகும்போது விண்ணப்பம் மேசை மேலேயே கிடக்கிறது. நடுவில் நீங்கள் சோம்பியிருக்கவில்லை. ஓடியாடி ஏதேதோ செய்துகொண்டுதான் இருந்தீர்கள். மறுநாள் காலையும் அதே முடிவு. மறுநாள் இரவும் அதே மேசை. முடிவு செய்தபோது உங்கள் மனத்தில் பொய் இல்லை. அப்படியானால் காலையில் எடுத்த தீர்மானம் பகலில் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியைச் சோதனைக்கூடத்தில் வைத்து ஆராயத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. அதற்கும் நெடுங்காலம் முன்பே ஓர் அச்சுத் தொழிலாளி தம்மீதே இந்தச் சோதனையை நடத்திப் பார்த்தார். கிடைத்த முடிவுகளை நாள்தோறும் குறித்தும் வைத்தார். அவர்தாம் பெஞ்சமின் பிராங்க்ளின் (1706–1790). பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்தவர், இடிதாங்கியை அமைத்தவர் என்று அவரைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தப் பட்டம் பறந்தது 1752இல். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே அவர் தம் மனத்தையும் இதே துருவும் கண்ணோடு நோக்கத் தொடங்கிவிட்டார்.

சிவப்புக் கோடுகள்

பாஸ்டன் நகரில் சவர்க்காரமும் மெழுகுவத்தியும் செய்து விற்றவரின் மகன் பிராங்க்ளின். பதினேழு வயதில் வீட்டை விட்டு ஓடிப் பிலடெல்பியா சேர்ந்தார். 1728இல் சொந்த அச்சகம். அடுத்த ஆண்டு சொந்தச் செய்தித்தாள். இதற்கிடையில், 1727இல், தம்மைப் போன்ற இளம் தொழிலாளர் சிலரைச் சேர்த்து 'ஜண்டோ' என்னும் உரையாடற் கழகம் ஒன்றையும் தொடங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அது கூடும். கூட்டத்திற்கென 24 கேள்விகள் எழுதி வைத்திருந்தார். அவற்றுக்கு முன்னுரை போல ஒரு விசாரணையும் உண்டு: இக்கேள்விகளை இன்று காலையிலேயே படித்துப் பார்த்துவிட்டு வந்தீர்களா என்பது அது. மாலையில் பேச வேண்டியதைக் காலையில் மனத்தில் போட்டு வைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதே இருந்தது.

பிறகுதான் அந்தப் பெரிய ஆசை வந்தது. ஒரு குற்றமும் இல்லாத மனிதராக வாழ்ந்து பார்த்துவிட வேண்டும்! இருபத்தைந்து வயதையொட்டிய இளைஞருக்கு இப்படித் தோன்றுவது வியப்பில்லை. அதை அவர் செய்யப் புகுந்த முறைதான் வியப்புக்குரியது. அளவான உணவு, வீண் பேச்சின்மை, ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு என்று தொடங்கி 13 பண்புகளைப் பட்டியலிட்டார். சிறிய குறிப்பேடு ஒன்றில் பண்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். கிழமைகளுக்காக நெடுக்கில் ஏழு கட்டங்கள். குறுக்கில் 13 கோடுகள். எல்லாம் சிவப்பு மையில். ஒவ்வொரு நாளும் தவறிய இடத்தில் ஒரு கரும்புள்ளி வைக்க வேண்டும்.

பதின்மூன்றையும் ஒரே நேரத்தில் பிடித்துவிட அவர் முயலவில்லை. தோட்டக்காரன் எல்லாப் பாத்திகளிலும் ஒரே நாளில் களை பறிப்பதில்லை. பாத்தி பாத்தியாகத்தானே போகிறான்? அதுபோல வாரத்திற்கு ஒரு பண்பில் மட்டும் முழுக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று. வரிசையிலும் ஒரு காரணம் வைத்தார். உணவில் அளவோடு இருந்தால் தலை தெளிவாக இருக்கும். தலை தெளிந்தால் அடுத்ததைப் பழகுவது எளிது என்றார்.

ஏட்டின் ஒரு பக்கத்தில் நாளின் 24 மணி நேரத்திற்கும் திட்டம் இருந்தது. காலை 5 மணிக்கு எழுதல், கழுவுதல், வழிபாடு, நாளின் வேலையைத் திட்டமிடல், படிப்பு, சிற்றுண்டி. 8 மணி முதல் வேலை. நண்பகலில் இரண்டு மணி நேரம் படிப்பு, கணக்குப் பார்த்தல், உணவு. மறுபடி மாலை 6 மணி வரை வேலை. பிறகு பொருள்களை அதனதன் இடத்தில் வைத்தல், உணவு, இசை, உரையாடல். இரவு 10 மணிக்கு உறக்கம். இந்தப் பக்கத்தின் ஓரத்தில்தான் அந்தக் காலைக் கேள்வி இடம் பெற்றது. இன்று தாம் செய்யப்போகும் நன்மை என்ன என்று விடியலில் தம்மையே கேட்டுக்கொள்வார். அந்த நன்மையைச் செய்தோமா என்று மாலையில் கேட்டுக்கொள்வார்.

நாள்முடிவில் தன்னை விசாரிக்கும் பழக்கம் மிகப் பழையது. பைதாகரசின் பெயரில் வழங்கும் பழைய கிரேக்கச் செய்யுட்கள் அதைச் சொல்லுகின்றன. தமக்கு வழிகாட்டியவை அவையே என்று பிராங்க்ளினும் நன்றியோடு குறிக்கிறார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் அந்தச் செய்யுட்களை நாளுக்கு இருமுறை சொல்லிப் பழகியவர். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், டான்யூப் நதிக்கு அப்பால் போர்ப் பாசறையில் எழுதிய குறிப்புகளில் விடியலுக்கென்றே ஒரு பயிற்சி வைத்திருந்தார். இன்று நன்றிகெட்டவனையும் செருக்கனையும் பொறாமைக்காரனையும் சந்திக்கப் போகிறோம், அவர்கள்மேல் சினம் கொள்ளலாகாது என்று எழுந்தவுடன் தமக்குச் சொல்லிக்கொள்வார். எந்தச் சூழ்நிலை வந்தால் என்ன செய்வது என்பதை அது வருமுன்பே முடிவு செய்து வைப்பதுதான் இது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதே உத்தி சோதனைக்கூடத்தில் தலை காட்டும்.

புள்ளி விழுந்த கோடரி

பிராங்க்ளின் வென்றாரா? எதிர்பார்த்ததைவிட அதிகமான கரும்புள்ளிகள் விழுந்தன என்று அவரே ஒப்புக்கொள்கிறார். புள்ளிகள் குறைந்துவரக் கண்டு மகிழ்ந்ததையும் சொல்லுகிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் பழைய புள்ளிகளைச் சுரண்டி எடுத்ததில் தாள் ஓட்டை ஓட்டையாகிவிட்டது! எனவே தந்தத் தகடுகளாலான குறிப்பேடு ஒன்றுக்கு அட்டவணையை மாற்றினார். சிவப்புக் கோடுகள் தந்தத்தில் நிலைத்து நிற்கும். கரிக்கோலால் வைத்த புள்ளிகளை ஈரப் பஞ்சினால் துடைத்துவிடலாம். திரும்பத் திரும்பப் பயன்படும் கருவியாக அமைக்க வேண்டும் என்ற பொறியாளர் புத்தி இங்கும் அவரை விடவில்லை.

அவரை மிகவும் துன்புறுத்தியது மூன்றாவது பண்பான ஒழுங்கு. அதில் அவர் கடைசி வரை தேறவேயில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். கூலிக்கு வேலை செய்யும் அச்சுக் கோப்பவனுக்கு இப்படிப்பட்ட நேரத்திட்டம் ஒத்துவரலாம். அச்சகத்தின் உடைமையாளரோ உலகத்தாரோடு பழக வேண்டியவர், வருகிறவர்களை அவர்கள் வரும் நேரத்தில் பார்க்க வேண்டியவர். மணி எட்டு அடிக்கும் வேளையில் வாடிக்கையாளரும் வந்து நின்றால் என்ன செய்வது?

இங்கே ஒரு கதையும் சொல்லுகிறார். கொல்லனிடம் கோடரி வாங்கிய ஒருவன், வாய் மட்டுமல்லாமல் கோடரி முழுவதும் பளபளக்க வேண்டும் என்றான். சாணைச் சக்கரத்தை நீயே சுற்று, தீட்டித் தருகிறேன் என்றான் கொல்லன். சுற்றிச் சுற்றிக் கை சோர்ந்தது. கோடரியில் இன்னும் புள்ளிகள் இருந்தன. போதும், எனக்குப் புள்ளி விழுந்த கோடரிதான் பிடிக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். தம் கதையும் அதுவே என்கிறார். முதலில் தொடர்ந்து நடந்த பயிற்சி, பிறகு ஆண்டுக்கு ஒரு சுற்றாகச் சுருங்கியது. அப்புறம் பல ஆண்டுகளுக்கு ஒன்று. வெளிநாட்டு அலுவல்கள் சூழ்ந்த பின் முற்றிலும் நின்றது. ஆனாலும் ஏடு மட்டும் எப்போதும் கூடவே இருந்தது.

இதையெல்லாம் அவர் எழுதியது 1784இல், பாரிசை அடுத்த பாசி என்னும் ஊரில், 79ஆம் வயது நடக்கும்போது. தம் வாழ்நாள் இன்பத்திற்கு இந்தச் சிறு உத்தியே காரணம் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் பகுதி அது. அதே ஆண்டில் பாரிஸ் செய்தித்தாளுக்கு அவர் எழுதிய வேடிக்கைக் கடிதம் ஒன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒருநாள் தற்செயலாகக் காலை ஆறு மணிக்கு விழித்தாராம். சூரியன் உதித்தவுடனேயே வெளிச்சம் தருகிறது என்ற அரிய உண்மையைக் கண்டுபிடித்தாராம்! பிறகு கணக்குப் போடுகிறார். 183 இரவுகள், இரவுக்கு 7 மணி நேரம், ஒரு லட்சம் குடும்பங்கள். மணிக்கு அரை ராத்தல் மெழுகு. ஆக 6,40,50,000 ராத்தல் மெழுகு பாரிசில் வீணாக எரிகிறது. மெழுகுவத்திக் கடைக்காரரின் மகன் அல்லவா? எழாதவர்களை எழுப்பத் தெருத்தெருவாகப் பீரங்கி வெடிக்கலாம் என்றும் யோசனை சொல்லுகிறார். கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் கோடைகால நேர முறையை அவர் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது இந்தக் கடிதத்தை வைத்துத்தான். கடிகாரத்தைத் தொட வேண்டும் என்று அவர் அதில் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

நாள் குறிக்காத ஒரு முடிவு

சிவப்புக் கோடுகளைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுதிய அதே தன்வரலாற்றில், சிரிக்க முடியாத ஓர் இடமும் இருக்கிறது.

1721இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியது. ஜென்னரின் அம்மைப்பால் அப்போது கிடையாது. அது 1796இல்தான் வந்தது. அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரைத் தோலில் கீறி ஏற்றும் முறை ஒன்றே இருந்தது. மருத்துவர் பாய்ல்ஸ்டன் அவ்வாறு ஏற்றியவர்களில் இறந்தோர் சுமார் 2 விழுக்காடு. இயல்பாக நோய் கண்டவர்களிலோ சுமார் 14 விழுக்காடு. அப்போது பிராங்க்ளினுக்குப் பதினைந்து வயது; அம்மை ஏற்றுவதை எதிர்த்த தம் அண்ணனின் அச்சகத்தில் பயிற்சியாளர். பின்னர் அவர் இந்தப் புள்ளிவிவரங்களைச் சிந்தித்து அம்மை ஏற்றுவதை ஆதரிப்பவரானார். தம் செய்தித்தாளில் அதைப் பற்றி எழுதியும் வந்தார்.

1736 நவம்பரில் அவருடைய நான்கு வயது மகன் பிரான்சிஸ் பெரியம்மையால் இறந்தான். அம்மை ஏற்றியதால்தான் பிள்ளை இறந்தான் என்று ஊரில் வதந்தி கிளம்பியது. அதை மறுத்துப் பிராங்க்ளின் தம் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டார். குழந்தைக்கு அம்மை ஏற்றப்படவே இல்லை, வயிற்றுப்போக்கினால் மெலிந்திருந்தான், உடல் தேறியவுடன் ஏற்றிவிடுவதாக எண்ணியிருந்தோம் என்பது அதன் சாரம். தன்வரலாற்றிலும் இதைக் கசப்போடு நினைந்து வருந்துகிறார். மற்றப் பெற்றோர்களேனும் எச்சரிக்கை அடையட்டும் என்றே எழுதுவதாகச் சொல்லுகிறார்.

தள்ளிப்போட்டதற்குத் தக்க காரணம் இருந்தது. மெலிந்த குழந்தைக்கு அம்மை ஏற்ற எந்தத் தந்தைதான் துணிவார்? அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் 'உடல் தேறியவுடன்' என்பது நாட்காட்டியில் உள்ள நாளன்று. தேறினான் என்று எந்தக் காலையில் முடிவு கட்டுவது? நாளின் ஒவ்வொரு மணியையும் கட்டம் போட்டு வைத்தவரின் வீட்டில், இந்த ஒன்றுக்குக் கட்டம் போட வழியில்லாமல் போயிற்று.

சோதனைக்கூடத்தில் தீர்மானம்

ஜெர்மானிய உளநூலறிஞர் நார்சிஸ் ஆக் 1905இல் மன உறுதியைப் பற்றிய தம் ஆய்வுகளை வெளியிட்டார். தொடர்ந்து செய்த சோதனைகளில், பொருளற்ற அசைகளை இணை இணையாகப் பலமுறை சொல்லி மனப்பாடம் செய்யவைத்தார். பின், முதல் அசையைக் காட்டியதும் பழகிய இணையைச் சொல்லாமல் அதற்கு எதுகையாக வேறோர் அசை சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளச் செய்தார். பழக்கம் ஒரு பக்கம் இழுக்கும். தீர்மானம் மறுபக்கம் இழுக்கும். விடை வர ஆகும் நேரத்தை வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் ஹிப் காலமானியால் அளந்தார். அசை கண்ணில் பட்ட கணத்தில், சோதனைக்கு உட்பட்டவர் தம் தீர்மானத்தை நினைத்துப் பார்க்காதபோதும் அது வேலை செய்தது! எந்தக் குறி தோன்றும்போது செயற்பட வேண்டும் என்று முடிவு செய்தோமோ, அந்தக் குறியோடு தீர்மானம் ஒட்டிக்கொள்கிறது என்று அவர் கண்டார்.

1926இல் கூர்ட் லெவின் இதற்கு அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். கடிதத்தைத் தபாற்பெட்டியில் போட வேண்டும் என்று எண்ணி வீட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள். வழியில் தென்படும் முதற்பெட்டி உங்களைக் கூப்பிடுகிறது. போட்டுவிட்ட பிறகு எத்தனை பெட்டிகள் எதிர்ப்பட்டாலும் அவை கூப்பிடுவதில்லை. ஆக் சொன்னது போல் குறியோடு ஒட்டுவது மட்டுமே காரணமானால் இரண்டாம் பெட்டியும் கூப்பிட்டிருக்க வேண்டுமே? எனவே, செயல் முடியும் வரை மனத்துள் ஓர் இறுக்கம் நிற்கிறது, முடிந்ததும் அது தளர்ந்துவிடுகிறது என்றார் லெவின். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு என்பதை ஒரு தடுப்பூசிச் சோதனை காட்டியது.

1965இல் ஹோவர்ட் லெவெந்தாலும் அவர்தம் கூட்டாளிகளும் யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு டெட்டனஸ் எனும் இசிவு நோயைப் பற்றி அச்சுறுத்தும் சிறுநூல் ஒன்றைத் தந்தார்கள். ஊசி இலவசம், மருத்துவ நிலையமும் வளாகத்திலேயே. படித்தவர்கள் ஊசி நல்லது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் போய்ப் போட்டுக்கொண்டோர் சுமார் 3 விழுக்காடே. மற்றொரு பிரிவினருக்கு அதே நூலோடு, மருத்துவ நிலையத்தை வட்டமிட்டுக் காட்டிய வளாக வரைபடம் ஒன்றும் தரப்பட்டது. வாரத்தில் எந்த வேளை அந்தப் பக்கம் போக முடியும் என்று எண்ணிப் பார்க்கவும் சொன்னார்கள். இவர்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் போனார்கள். அந்த வளாகத்தில் நெடுநாளாகப் படிக்கிறவர்களுக்கு மருத்துவ நிலையம் இருக்கும் இடம் தெரியாதா என்ன? வரைபடம் புதுச் செய்தி எதையும் தரவில்லை. தீர்மானத்திற்கு ஓர் இடத்தையும் வேளையையும் தந்தது. நூல் தராமல் திட்டம் மட்டும் தந்த பிரிவில் ஒருவரும் போகவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். செய்ய வேண்டும் என்ற விருப்பம் உள்ளே இல்லாவிட்டால் வேளையும் இடமும் வெறும் தாள்தான்.

பீட்டர் கோல்விட்சர் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் இதற்கு ஒழுங்கான வடிவம் தந்தார். 'இதைச் செய்வேன்' என்பது ஒருவகைத் தீர்மானம்; 'இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் இதைச் செய்வேன்' என்பது வேறுவகை என்று பிரித்தார். 1997இல் வெளிவந்த ஆய்வில், கிறிஸ்துமசுக்கு முன்னிரவைக் கழித்த விதம் பற்றி 48 மணி நேரத்திற்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார்கள். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவோம் என்று குறித்துக்கொண்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் குறித்த காலத்தில் எழுதினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே எழுதினார்கள். 2006இல் இத்தகைய 94 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் பயன் தெளிவாகத் தெரிந்தது.

இதை மந்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கடிதம் அனுப்பினார்கள். வெறும் அறிவிப்புப் பெற்றவர்களில் சுமார் 33 விழுக்காட்டினர் ஊசி போட்டுக்கொண்டார்கள். நாளையும் மணியையும் எழுதிக்கொள்ளக் கட்டம் அச்சிட்ட கடிதம் பெற்றவர்களில் 37 விழுக்காடு. நாள் மட்டும் எழுதக் கட்டம் கொடுத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பரிசோதனை அறையில் பெரிதாகத் தோன்றும் பயன், தபாலில் போகும்போது இளைத்துவிடுகிறது. ஆனாலும் நூற்றுக்கு நான்கு பேர் என்பது, ஒரு கட்டம் அச்சிடும் செலவுக்கு நல்ல வரவுதான்.

இப்போது பிராங்க்ளினின் ஏட்டைத் திரும்பப் பாருங்கள். அவருடைய காலைக் கேள்வி மட்டும் தனியாக இருந்திருந்தால் அது நம் பல்துலக்கும் நேரத்துத் தீர்மானம் போலவே ஆகியிருக்கும். அதன் பக்கத்தில் மணிகள் இருந்தன. மாலையில் விடை கேட்கும் மற்றொரு கேள்வியும் இருந்தது. ஒழுங்கில் அவர் தோற்றதற்கும் காரணம் விளங்குகிறது. அங்கே குறிகளை அமைத்தவர் அவரல்லர், கடைக்கு வந்தவர்கள்.

கட்டத்தில் வராதவர்கள்

ஏட்டின் எட்டாவது பண்பு நீதி. எவருக்கும் தீங்கு செய்யாமையும், செய்யக் கடமைப்பட்ட நன்மையைச் செய்யாமல் விடாமையும் அதன் பொருள் என்று எழுதியிருந்தார். அந்த ஏட்டை வைத்திருந்த காலத்திலேயே பிராங்க்ளினின் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவருடைய செய்தித்தாளில் அடிமைகளை விற்கும் விளம்பரங்களும், ஓடிப்போனவர்களைப் பிடித்துத் தரக் கேட்கும் விளம்பரங்களும் வெளிவந்தன. 1757இல் அவரும் மகன் வில்லியமும் லண்டன் சென்றபோது பீட்டர், கிங் என்னும் இரு அடிமைகளை உடன் கொண்டுபோனார்கள்; கிங் அங்கே தப்பியோடிவிட்டார். கரும்புள்ளிகளைப் பற்றி விரிவாக எழுதும் பிராங்க்ளின், நீதிக் கட்டத்தில் இதற்காகப் புள்ளி விழுந்தது என்று சொல்லவில்லை. நாள்தோறும் விடியலில் நன்மையைத் தேடிய கேள்வி, அவர் வீட்டிலேயே கூலியின்றி உழைத்தவர்களிடம் போகவில்லை.

அந்தக் கேள்வி அங்கே போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1763இல் பிலடெல்பியாவில் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளி ஒன்றைப் பார்த்தார். அவர்களின் இயற்கை அறிவைப் பற்றித் தாம் முன்பு கொண்டிருந்ததைவிட உயர்ந்த மதிப்பு ஏற்பட்டதாகக் கடிதம் எழுதினார். 1787இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புக் கழகத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்க நடவடிக்கை எடுக்கக் கோரி அமெரிக்க நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய மனுவில் அவர் கையொப்பம் இருந்தது. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. அடிமை முறையை ஆதரித்துப் பேசிய உறுப்பினர் ஒருவரைக் கேலி செய்து மார்ச் 23ஆம் நாள் அவர் எழுதிய கட்டுரையே பொதுமக்களுக்காக அவர் எழுதியவற்றில் கடைசி. ஏப்ரல் 17ஆம் நாள் பிலடெல்பியாவில் காலமானார்.